போர் வரைபடத்தைக் காலால் வாசிப்பது எப்படி

ரொறன்ரோவில் இருக்கும் அத்தான் இரவுச் சாப்பாடு முடிந்ததும் போனைக் கையில் எடுப்பார். இங்கே யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் எனக்கு அது விடிகாலை ஐந்தரை. அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கும்போது வட்ஸ்அப்பில் படம் வந்து விழும். உக்ரேன் வரைபடம்: சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம், நடுவில் மயிர் போல ஒரு கோடு. கீழே குரல்பதிவு: "பிள்ளை, இன்னும் ஒரு கிழமைதான். உக்ரேன்காரர் தெற்கே அசோவ் கடலுக்கு இறங்கிவிடுவாங்கள், இருந்து பார்." இது 2023 ஜூன் மாதம். அந்தக் கிழமை போய், அந்த வருடமும் போய்விட்டது. ஒருவரும் அசோவ் கடலுக்கு இறங்கவில்லை.

நான் முகமாலையில் ஒன்பது வருடம் மிதிவெடி எடுத்தவள். அத்தானுக்கு எழுதிய பதில்கள் நீண்டு கொண்டே போனதால், அவரைப் போல யூரியூப்பில் போர் பார்க்கிற எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். ஆயுதம் பற்றிய பாடம் இல்லை இது. படத்தைப் பார்த்து ஏமாறாமல் இருப்பது எப்படி என்பதுதான்.

கோட்டைத் தடிப்பாக்குங்கள்

போனில் மயிர் அளவாகத் தெரியும் கோட்டை முதலில் மனதில் தடிப்பாக்க வேண்டும். எங்கள் ஊரை வைத்துப் பழகுவது சுலபம். 2000 ஏப்ரலில் ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்த பிறகு, கிளாலிக் கடனீரேரி தொடங்கி முகமாலை ஊடாக நாகர்கோவில் கடற்கரை வரை இரண்டு தரப்பும் முகத்துக்கு முகம் இருந்தன. பத்திரிகை வரைபடத்தில் அது ஒற்றைக் கோடு. மண்ணிலோ, இந்தப் பக்கம் இராணுவத்தின் மண் அணை, அதில் இடைவெளி விட்டு விட்டுக் காவலரண், அதற்கு முன்னால் முட்கம்பி, அதற்கு முன்னால் மிதிவெடி, பிறகு யாருக்கும் சொந்தமில்லாத சூனியப் பிரதேசம், பிறகு புலிகளின் மிதிவெடி, அவர்களின் அணை, பனங்குற்றி அடுக்கிய பங்கர். அதற்குப் பின்னால் இன்னொரு அணை. ஏனென்றால் முதல் அணை போனால் ஓடி வந்து நிற்க ஓரிடம் வேண்டும். நாங்கள் வேலைக்குப் போன காலத்தில் அந்த அணைகள் மழைக்குக் கரைந்து இடுப்பளவுக்கு இறங்கியிருந்தன. தலை போன பனைகள்தான் எது முன்வரிசை, எது பின்வரிசை என்று காட்டித் தந்தன.

இதைப் பெருப்பித்தால் தெற்கு உக்ரேனின் சப்போரிஷியா. 2022 ஒக்ரோபரில் ரஷ்யத் தரப்பின் முழுப் பொறுப்புக்கு ஜெனரல் சுரோவிகின் வந்தார். மூன்று மாதத்தில் அவர் மாற்றப்பட்டாலும், அந்தக் காலத்தில் தொடங்கிய அரண்களுக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. முன்னால் மிதிவெடி வயல், பிறகு பதுங்குகுழி, அதைத் தாண்டினால் டாங்கி விழுகிற அகழி, அதன் பின்னால் முக்கோணக் கொங்கிறீற் கட்டைகள், 'டிராகன் பல்' என்கிறார்கள், திரும்பவும் பதுங்குகுழி, கடைசியில் தொக்மாக் போன்ற ஊர்களைச் சுற்றித் தனி வளையம். 2023 ஜூன் தொடக்கத்தில் ஒரிகிவ் பக்கத்திலிருந்து புறப்பட்ட உக்ரேன் படை, றொபோட்டினே என்ற சின்னக் கிராமத்தைப் பிடித்ததாக அறிவித்தது ஓகஸ்ட் கடைசியில். ஏறக்குறைய மூன்று மாதம். தூரம் என்று பார்த்தால், நான் காலையில் கொடிகாமத்திலிருந்து முகமாலைக்கு வேலைக்குப் போன தூரம் அளவுதான்.

ஆகவே 'அரண் உடைந்தது' என்று யாராவது கத்தினால் ஒரு கேள்வி போதும்: எத்தனையாவது அரண்?

மிதிவெடியை எண்ணாதீர்கள், பார்க்கிறவனைத் தேடுங்கள்

இதுதான் நிறையப் பேர் பிழை விடும் இடம். மிதிவெடி வயல் ஒரு மதில் என்று நினைக்கிறார்கள். இல்லை, அது தடை மட்டுமே. ஆள் இல்லாத வயலை நேரம் எடுத்து யாரும் துப்புரவாக்கலாம். நாங்கள் பெண்கள் அதைத்தானே செய்தோம்? எங்களை யாரும் சுடவில்லை, அம்புலன்ஸ் றோட்டோரம் நின்றது, முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் நிழலுக்குப் போனோம். அப்படியிருந்தும் சில நாட்களில் ஒருத்தி முடிப்பது ஒரு பாய் விரிக்கும் அளவுதான்.

அந்த வேலையைக் கிட்ட இருந்து சொன்னால்தான் விளங்கும். முன்னால் சிவப்புக் கட்டை. அதுவரை நிலம் என்னுடையது, அதற்கு அப்பால் இல்லை. முழங்காலில் இருந்து, புல்லைக் கத்தரித்து, டிடெக்ரர் பிடித்து, அல்லது மணல் நிலமென்றால் றேக்கால் மெல்ல மெல்ல மண்ணை வாரி எடுக்க வேண்டும். பாகிஸ்தான் தயாரிப்பான பி-4 மிதிவெடி சப்பாத்துப் பொலிஷ் டப்பா அளவு; உள்ளே கிட்டத்தட்ட 30 கிராம் வெடிமருந்து. புலிகளின் ஜொனி மிதிவெடி ஒரு மரப்பெட்டி. மரம் உக்கிப் போனாலும் உள்ளே இருப்பது உக்காது. வயலில் வரிசை பிடிபட்டுவிட்டால் மனதுக்குள் ஒரு தாளம் வரும். ஒன்று, இரண்டு, மூன்று, சமமான இடைவெளி. நாலாவது இருக்க வேண்டிய இடத்தில் மண் வெறுமையாக இருந்தால்தான் வயிறு கலங்கும். மாடு மிதித்து வெடித்திருக்கலாம், ஷெல் தூக்கி எறிந்திருக்கலாம், பதினைந்து மாரி மழை நகர்த்தியிருக்கலாம். இராணுவம் தந்த பதிவேட்டில் வரிசை அடிமட்டம் வைத்துக் கீறியது போல இருக்கும். மண்ணில் அது வளைந்திருக்கும். நாலாவதைக் கண்டுபிடிக்கும் வரை ஐந்தாவதைப் பற்றி நினைக்கக்கூட விடமாட்டார் எங்கள் மேற்பார்வையாளர்.

இப்போது அதே வேலையை, தலைக்கு மேலே ட்ரோன் நிற்க, பின்னால் பீரங்கி அளந்து வைத்திருக்க, ஒருவன் செய்வதை நினையுங்கள். 2023 ஜூனில் மாலா தொக்மாச்கா பக்கத்தில் உக்ரேன் படையின் லெப்பர்ட் டாங்கிகளும் பிராட்லி வாகனங்களும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. முன்னால் போனது மிதிவெடியில் நிற்க, பின்னால் வந்தவை விலகப் பார்த்து அவையும் மாட்டின. ரஷ்யாவின் டி.எம்-62 மிதிவெடியில் ஏறக்குறைய ஏழரைக் கிலோ மருந்து. அது சங்கிலியை அறுக்கும், வாகனத்தை நிறுத்தும். நின்ற வாகனத்தை அடித்தவை பீரங்கியும் தூரத்தில் நின்ற ஹெலிகொப்ரர்களும். நிறுத்துவது மிதிவெடியின் வேலை, மிச்சம் மற்றவர்களின் வேலை. அதற்குப் பிறகு உக்ரேன் படை வாகனத்தை விட்டு இறங்கி, இராக் காலத்தில் வயிற்றால் ஊர்ந்து, கையால் மிதிவெடி எடுத்தது. அந்தச் செய்தியை வாசித்த அன்று அத்தானுக்கு எழுதினேன்: "கையால் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இனிக் கிழமைக் கணக்குப் பேசாதையுங்கோ."

சற்லைற் படத்தில் எதைப் பார்ப்பது

யூரியூப்காரர் அம்புக்குறி போட்டுக் காட்டுவதற்கு முன் நீங்களே பாருங்கள். வயலுக்குள் வளைந்து நெளிந்து, பல்லுப் பல்லாகப் போகும் மண்நிறக் கோடு பதுங்குகுழி. நேராக வெட்டியிருந்தால் ஒரு ஷெல் முழு நீளத்துக்கும் சிதறும், அதனால்தான் நெளிவு. நேரான, அகலமான கோடு அகழி. புள்ளி புள்ளியாக இரண்டு மூன்று நிரை தெரிந்தால் கொங்கிறீற் கட்டை. மிதிவெடி மட்டும் தெரியாது. அதற்குப் பதிலாக, ஷெல் விழுந்த குழிகளுக்கு நடுவே யாரும் உழாமல் பச்சை முட்டிக் கிடக்கும் வயலைப் பாருங்கள். விவசாயி விட்டுவிட்ட நிலம் எங்கேயும் ஒரே கதைதான் சொல்லும். முகமாலையிலும் ஈச்சம்பற்றை அடர்ந்த இடத்தைத்தான் நாங்கள் முதலில் குறித்தோம்.

அடுத்தது மரவரிசை. சப்போரிஷியாவில் வயலுக்கும் வயலுக்கும் இடையே காற்றைத் தடுக்க நட்ட மரங்கள் நிரையாக நிற்கும். எங்கள் பனை வேலி போல. அங்கே சண்டை ஊருக்கு ஊர் நடக்கவில்லை, மரவரிசைக்கு மரவரிசை நடந்தது. ஒளிந்திருக்க வேறு இடம் இல்லை. படத்தில் இரண்டு மரவரிசைக்கு நடுவே உள்ள தூரத்தைப் பார்த்தால் ஒரு நாளில் எவ்வளவு போகலாம் என்று உங்களுக்கே ஓரளவு தெரிந்துவிடும்.

பிறகு மாதம். மாரியா, கோடையா? இதை விடப் பெரிய விஷயம் இல்லை என்று சொல்லுவேன், ஆனால் நான் சேற்றில் வேலை செய்தவள், கொஞ்சம் கூடச் சொல்லக்கூடும்.

ஒரு எச்சரிக்கை: இந்தக் கோடே இப்போது பழைய கதையாகி வருகிறது. சிறிய ட்ரோன்கள் பெருகிய பிறகு, முன்னரங்கின் இரண்டு பக்கமும் பல கிலோமீற்றருக்கு வாகனம் போக முடியாத பட்டை ஒன்று உருவாகியிருக்கிறது. மிதிவெடியையும் ட்ரோனே இரவில் கொண்டுவந்து போடுகிறது. நல்ல வரைபடங்களில் நடுவில் சாம்பல் நிறம் ஒன்று இருக்கும். அந்தச் சாம்பலைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். சாம்பல் நிறமே இல்லாமல் கத்தியால் வெட்டியது போலக் கோடு போட்டிருப்பவரை நம்பாதீர்கள்.

முன்னால் பார்த்தது போதும், பக்கத்தைப் பாருங்கள்

முகமாலையை நேருக்கு நேர் உடைக்கப் பார்த்த நாட்களை எங்கள் பக்கத்தவர் மறக்கமாட்டார்கள். 2006 ஒக்ரோபர் 11 அன்று முன்னேறிய இராணுவம் சில மணித்தியாலத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்டவர்களை இழந்து திரும்பியது. 2008 ஏப்ரலிலும் கிட்டத்தட்ட அதே கதை. அன்று கொடிகாமத்தில் எங்கள் வீட்டுக் கண்ணாடி விடிய விடிய நடுங்கியது. 2008 நவம்பரில் முதல் வரிசையைப் பிடித்த பிறகும் இராணுவத்தால் நெடுகப் போக முடியவில்லை. கடைசியில் நடந்தது என்ன? 2009 ஜனவரி 2 அன்று தெற்கே கிளிநொச்சி விழுந்தது. அதன் பிறகு முகமாலையில் நிற்பதில் அர்த்தம் இல்லை, நின்றவர்கள் பின்வாங்கினார்கள். ஒரு கிழமையில் ஆனையிறவு இராணுவத்திடம் போனது.

அதே ஆனையிறவு 2000 இல் புலிகளிடம் விழுந்ததும் முன்வாசலால் இல்லை. மார்ச் மாதம் குடாரப்பில் தரையிறங்கி ஏ-9 வீதியை மறித்தார்கள். ஏப்ரலில் இயக்கச்சி போனதும் முகாமுக்குக் குடிதண்ணீர் இல்லை. உப்பு வெளிக்கு நடுவே அத்தனை ஆயிரம் பேர், சித்திரை வெயில், தண்ணீர் இல்லை. மிதிவெடியும் பங்கரும் அப்படியே இருந்தன.

உக்ரேனின் கேர்சன் நகரத்திலும் இதுதான். 2022 நவம்பரில் ரஷ்யப் படை ஆற்றைக் கடந்து பின்வாங்கியதற்குக் காரணம், மாதக்கணக்காக உக்ரேன் அந்த ஆற்றுப் பாலங்களை அடித்துச் சாமான் வராமல் செய்தது. ஆகவே அத்தான் படம் அனுப்பினால் நான் கோட்டைப் பார்ப்பதற்கு முன் றோட்டையும் பாலத்தையும் பார்ப்பேன். தண்ணீர் எங்கே இருந்து வருகிறது என்றும் பார்ப்பேன், அது ஆனையிறவுப் பழக்கம்.

கூலிப்படை என்ற சொல்லை எப்போது பாவிப்பது

எங்கள் ஊரில் 'கூலிப்படை' ஒரு வசைச்சொல். பிடிக்காத ஆயுதக் குழு எல்லாம் கூலிப்படை. சட்டத்தில் அப்படி இல்லை. 1977 ஆம் ஆண்டு ஜெனீவா மேலதிக நெறிமுறையின் 47 ஆவது உறுப்புரை ஆறு நிபந்தனை போடுகிறது. ஆறும் சேர்ந்து பொருந்த வேண்டும். குறிப்பாகப் போருக்கென்றே சேர்க்கப்பட்டிருக்க வேண்டும், நேரடியாகச் சண்டையில் ஈடுபட வேண்டும், சொந்த இலாபமே நோக்கமாகி, அங்குள்ள படையினரை விடக் கனக்கச் சம்பளம் இருக்க வேண்டும், போரிடும் நாட்டின் பிரஜையாகவோ வசிப்பவராகவோ இருக்கக்கூடாது, அந்த நாட்டின் படையில் உறுப்பினராக இருக்கக்கூடாது, வேறொரு அரசு கடமைக்கு அனுப்பியவராகவும் இருக்கக்கூடாது. அப்படிப் பொருந்தினால் பிடிபடும்போது போர்க்கைதி என்ற உரிமை இல்லை.

இந்த அளவுகோலை வாக்னர் என்ற ரஷ்யத் தனியார் படை மேல் வைத்துப் பாருங்கள். உக்ரேனின் பக்முட் நகரச் சண்டையில் வாக்னருக்காகச் செத்த ரஷ்யச் சிறைக்கைதி ஒருவன் ரஷ்யப் பிரஜை, ஆகவே சட்டப்படி கூலிப்படையாள் இல்லை. ஆறு மாத ஒப்பந்தம், உயிரோடு திரும்பினால் மன்னிப்பு என்று 2022 இல் சிறை சிறையாகப் போய் ஆள் சேர்த்தவர் அதன் தலைவர் பிரிகோஜின். ரஷ்யச் சட்டத்தில் கூலிப்படை குற்றம் என்பதும், அந்தப் படை 2014 இலிருந்து இயங்கியதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. எங்களுக்கும் இது புதிதில்லை. எஸ்.ஏ.எஸ். என்ற பிரித்தானிய விசேடப் படையின் முன்னாள் ஆட்கள் நடத்திய கே.எம்.எஸ். என்ற நிறுவனம் 1984 இலிருந்து இங்கே விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்தது, அதன் விமானிகள் ஹெலிகொப்ரரும் ஓட்டினார்கள். லண்டன் பொலிஸ் அது பற்றி விசாரணை தொடங்கியதாகச் செய்தி வந்தது 2020 இல்.

ஆகவே பெயரை விட்டுவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். சம்பளக் கடதாசியில் யார் கையெழுத்து? செத்தவனை யார் எண்ணுகிறார்கள்? மிதிவெடிப் பதிவேடு யாரிடம்? இரண்டாவதுக்கு உதாரணம் பக்முட்: இருபதாயிரம் பேர் அளவில் செத்ததாக 2023 மே மாதம் சொன்னவர் பிரிகோஜினேதான். அரசு வாய் திறக்கவில்லை. அடுத்த மாதம் அவர் ஆட்களோடு மொஸ்கோ நோக்கி வெளிக்கிட்டார், ஓகஸ்ட் 23 அன்று விமானம் விழுந்து செத்தார்.

மூன்றாவது கேள்வி என் சொந்தக் கேள்வி. வாக்னர் சும்மா தாக்குகிற படை மட்டும் இல்லை, அரண் கட்டுகிற படையும்தான். கிழக்கு உக்ரேனின் லுஹான்ஸ்கில் 'வாக்னர் கோடு' என்று கொங்கிறீற் பல் நட்டது. லிபியாவில் 'சேர்த்தே' என்ற நகரின் பக்கத்திலிருந்து ஜுஃப்ரா நோக்கி 70 கிலோமீற்றர் அளவில் அகழி வெட்டியது. 2020 இல் திரிப்போலியின் தெற்குப் புறநகர்களை விட்டுப் போனபோது வீடுகளுக்குள் வைத்துவிட்டுப் போன பொறிவெடிகளை ஐ.நா. நிபுணர் குழு பதிவு செய்திருக்கிறது. ஒரு அரசின் இராணுவத்திடம் மண்ணோடு பொருந்தாத பதிவேடாவது இருக்கும், கேட்டால் ஒரு நாள் தரும். வாடகைக்கு வந்தவன் போன பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதை ஒன்று. பெரியம்மாவின் பேரன், இருபத்திரண்டு வயது, ரஷ்யா வழியாக ஐரோப்பாவுக்குப் போக ஏஜென்ற் ஒருவரிடம் முற்பணம் கட்டிவிட்டு வந்து நின்றான். அப்படி வெளிக்கிட்ட யாழ்ப்பாணப் பெடியள் ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டதாக 2024 இல் செய்தி வந்து, பெற்றோர் மனுவோடு அலைந்ததை எல்லோரும் பார்த்தோம். அவனுக்கு நான் சொன்னவை: தெரியாத மொழியில் கையெழுத்து வைக்காதே, கடவுச்சீட்டைக் கையை விட்டுக் கொடுக்காதே, 'பின்தள வேலை, சமையல், காவல்' என்றால் எந்த ஊர் என்று கேட்டு வரைபடத்தில் தேடு. "கூலிப்படை எண்டு பிடிச்சால் பிறகு விட்டிடுவாங்கள்தானே மாமி?" என்றான். ஒப்பந்தம் பாதுகாப்பு அமைச்சோடு என்றால் அவன் கூலிப்படையாள் இல்லை, அந்த நாட்டுச் சிப்பாய். சிப்பாய் விட்டுவிட்டு வந்தால் அதற்குப் பெயர் தப்பியோட்டம். முற்பணம் போனது போனதுதான். அவன் இப்போது சாவகச்சேரியில் சைக்கிள் கடையில் நிற்கிறான், என்னோடு அவ்வளவாகக் கதைப்பதில்லை.

நிறம் மாறிய பிறகு

வரைபடத்தில் ஒரு துண்டு நிறம் மாறினால் 'மீட்கப்பட்டது' என்கிறார்கள். அதன் அர்த்தம் படை அந்த வழியால் போய்விட்டது என்பது மட்டுமே. எங்கள் சண்டை 2009 மே மாதம் முடிந்தது. மிதிவெடியைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 டிசம்பரில். அதன்படி எடுத்து முடிக்க வேண்டிய கெடு 2028 ஜூன். இதற்கிடையில் 2025 இல் பால்டிக் நாடுகளும் பின்லாந்தும் போலந்தும் அதே உடன்படிக்கையை விட்டு விலக முடிவெடுத்தன. ரஷ்யா ஒருநாளும் அதில் சேரவில்லை. நாங்கள் எடுத்து முடிக்கும்போது வேறு யாரோ விதைக்கத் தொடங்குவார்கள் போல.

வன்னிப் பக்கம் காணி வாங்க, காணி பார்க்க வருகிற வெளிநாட்டு உறவுகளுக்குக் கடைசியாக இது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இல்லை என்பதற்காகக் காணி துப்புரவு என்று நினைக்காதீர்கள், பலகையை விறகுக்குக் கொண்டு போகிறவர்களும் உண்டு. கையளித்த பத்திரத்தைக் கேளுங்கள். பழைய மண் அணை, இடிந்த பங்கர், முட்கம்பிச் சுருள் கண்டால் படம் எடுக்கக் கிட்டப் போகாதீர்கள். சந்தேகமான ஒன்றைக் கண்டால் நின்று, வந்த காலடியிலேயே திரும்பி, றோட்டுக்கு வந்து 119 க்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். கல்லால் எறிந்து பார்ப்பது, தடியால் தட்டிப் பார்ப்பது, பிள்ளைகளை விட்டு எட்டிப் பார்க்கச் சொல்வது எல்லாம் நான் கண்ணால் கண்டவை, அதனால்தான் சொல்கிறேன்.

நாங்கள் முடித்துக் கொடுத்த முதல் தென்னங்காணிக்கு உரிமையாளர் ஒரு ஐயா. கையளித்த அன்று அவர் பார்க்க நாங்கள் எல்லோரும் காணி முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து காட்டினோம். இப்போது அங்கே கன்றுகள் ஆள் உயரத்துக்கு மேல் வந்துவிட்டன. போன மாதம் அந்த வழியால் போனபோது ஐயா தண்ணீர் வாளியோடு நின்றார். எங்கள் சிவப்புக் கட்டை நின்ற ஓரத்தாலேயே சுற்றிச் சுற்றிப் போய்த் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "ஏன் ஐயா, குறுக்கால போகலாமே?" என்றேன்.

"போகலாம்தான் பிள்ளை, கால் திரும்புதில்லை" என்றார்.